மூன்று மாதம் தங்கிய முஸாஃபிர்





முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் பணியாற்றிய பஞ்சாப் மாகாண முஸ்லிம் வீரர் ஒருவர், 1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமக்கு வேண்டியவர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அதில் போர்க்களச் செய்திகளைக் காட்டிலும் ஒரு மூதாட்டியைப் பற்றிய செய்தியே நிறைந்திருந்தது.

ஒரு கிராமத்தில் மூன்று மாதம் அவர் ஒரு வீட்டில் தங்கவைக்கப்பட்டிருந்தார். வசதியான குடும்பத்தின் வீடு அது. ஆனால் அங்கே இருந்தவர் வயது முதிர்ந்த அந்த வீட்டுப் பெண்மணி ஒருவர் மட்டுமே. அவருடைய மூன்று ஆண்மக்களும் போருக்குச் சென்றிருந்தனர். ஒருவர் கொல்லப்பட்டுவிட்டார். ஒருவர் காயமுற்று மருத்துவமனையில் இருந்தார். மூன்றாமவர் அந்நேரத்தில் பதுங்குகுழிகளில் இருந்தார். அந்த நிலையிலும் அம்மூதாட்டி, கடல் கடந்து வந்த ஓர் அந்நியரின் துணிகளைத் துவைத்தார், படுக்கையைச் சீர்செய்தார், காலணிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கினார், அறையை நாள்தோறும் வெந்நீரால் கழுவினார். காலைதோறும் ரொட்டி, வெண்ணெய், பால், காப்பி ஆகியவற்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். செலவுக்குப் பணம் கொடுக்க வீரர் எவ்வளவோ முயன்றும் அவர் வாங்கவில்லை. பிரியும் நாளில் அவருடைய தோளில் சாய்ந்து அழுதார். தம் சொந்த மகனின் மரணத்துக்காக ஒருநாளும் அவர் அழுது தாம் பார்த்ததில்லை என்றும், தமக்காக அழுதது வியப்பாக இருந்தது என்றும் அவ்வீரர் எழுதுகிறார். போதாக்குறைக்கு, வழிச்செலவுக்கென ஐந்து பிராங்கு நோட்டு ஒன்றையும் அம்மூதாட்டி அவர் கையில் திணித்தார்.

நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இதை வாசிப்போர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழும். அந்த முஸாஃபிர் யார்? அந்தத் தாய் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடும் வழியைப் பற்றியும், அவ்வழியில் ஒருவர் கடைப்பிடிக்க வேண்டிய நேர்மையைப் பற்றியுமே இக்கட்டுரை.

கடல் கடந்து வந்தவர்கள்

பிரிட்டிஷ் இந்தியப் படையின் முதல் அணியினர் 1914 செப்டம்பர் 26 அன்று பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினர். லாகூர், மீரட் எனும் இரு காலாட்படை டிவிஷன்களும், அவற்றைத் தொடர்ந்து குதிரைப்படையும் வந்து சேர்ந்தன. போர்க்காலம் முழுவதிலும் சுமார் 1,38,000 இந்தியர் அம்முனையில் பணியாற்றினர். சீக்கியர், டோக்ராக்கள், கூர்க்காக்கள், கர்வாலிகள் ஆகியோருடன் பஞ்சாப் முஸ்லிம்களும் பட்டாணியரும் பெரும் எண்ணிக்கையில் இருந்தனர்.

இக்கட்டுரைக்குத் தேவையான ஒரு செய்தியை இங்கே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். காலாட்படை டிவிஷன்கள் இரண்டும் 1915இன் இறுதியில் பிரான்சிலிருந்து மெசபொட்டேமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, மாற்றப்பட்டன. குதிரைப்படையோ 1918இன் தொடக்கம்வரை பிரான்சிலேயே இருந்தது. முன்னணிப் பதுங்குகுழிகளில் இல்லாத காலங்களில் வீரர்கள் பின்புறக் கிராமங்களின் வீடுகளிலும் பண்ணைத் தொழுவங்களிலும் தங்கவைக்கப்பட்டனர். இவ்வாறுதான் பஞ்சாபின் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் பிரெஞ்சு உழவர் குடும்பங்களும் ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்தது.

கடிதம் பிழைத்த விதம்

அக்கடிதம் நமக்குக் கிடைத்தது, அதை எவரேனும் அன்புடன் பேணி வைத்ததால் அன்று. சந்தேகத்தால் அது பிழைத்தது. இந்திய வீரர்களின் கடிதங்களைப் படித்துப் பார்க்கத் தணிக்கை அலுவலகம் ஒன்றை ஆங்கில அரசு பிரான்சில் அமைத்தது. ஈவ்லின் ஹவெல் என்ற அதிகாரி அதன் பொறுப்பை ஏற்றார். உருது, இந்தி, குர்முகி, பஷ்து ஆகியவற்றில் எழுதப்பட்ட கடிதங்கள் படிக்கப்பட்டன. தேர்ந்தெடுத்த பகுதிகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, வீரர்களின் மனநிலையை அறிவதற்காக மேலிடத்துக்கு அறிக்கைகளாக அனுப்பப்பட்டன. அவ்வறிக்கைகள் இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வரலாற்றாசிரியர் டேவிட் ஓமிஸ்ஸி அவற்றில் ஒரு பகுதியைத் தொகுத்து 1999இல் நூலாக்கினார்.

வீரர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் சொல்ல, எழுத்தறிந்த தோழர் எழுதினார். ஊரில் அதை மற்றொருவர் உரக்கப் படித்துக் காட்டினார். இடையில் தணிக்கை அதிகாரியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தனர். ஆகவே நம் கையில் உள்ளது வீரரின் சொல் நேரடியாக அன்று. பல கைகள் மாறி வந்த ஓர் அறிவிப்பு. தம் கடிதம் படிக்கப்படுகிறது என்பது வீரர்களுக்கும் தெரியும். இந்திய வீரர்களைக் கருமிளகு என்றும், வெள்ளையரைச் செம்மிளகு என்றும் மறைபொருளில் குறித்து எழுதியவர்கள் உண்டு. ஒரு கடிதத்தை ஆதாரமாகக் கொள்வோர் இவை யாவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெயர் மட்டும் போதாது

மதரஸாவில் ஹதீஸ்கலை பயிலும் மாணவர், தொடக்கத்திலேயே ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறார். ஓர் அறிவிப்பாளரின் பெயர் கிடைத்துவிட்டால் ஆள் கிடைத்துவிட்டார் என்று பொருளாகாது. அவருடைய தந்தை யார், ஊர் எது, யாரிடம் கற்றார், எந்த ஆண்டில் வாழ்ந்தார் என்பவை தெரிந்தால்தான் அவர் இன்னார் என்று சொல்ல முடியும். இதற்கென்றே அஸ்மாவுர் ரிஜால் என்னும் அறிவிப்பாளர் வரலாற்றுக் கலை வளர்ந்தது.

ஹிஜ்ரி 463இல் வஃபாத்தான அல்கதீப் அல்பக்தாதீ (ரஹ்), ஒரே பெயருடைய வெவ்வேறு மனிதர்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்ற நூலை இயற்றினார். கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் ஆறு பேர் உண்டென இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) எடுத்துக்காட்டுகிறார். மகன் பெயர், தந்தை பெயர் இரண்டும் ஒன்றாக இருந்தும் ஆள் வேறு! பெயர் கூறப்படாமல், ஒரு மனிதர், ஒரு பெண் என்று மட்டும் குறிப்பிடப்படுவோரை முப்ஹம் என்பர். அத்தகையோர் யாவர் என்று கண்டறியவும் அல்கதீப் தனி நூல் எழுதினார்.

போர்வீரரைத் தேடும் பணியும் இதுவே. அன்றைய பஞ்சாபின் ஒரு தாலுக்காவிலேயே ஷேர் கான், முஹம்மது கான், ஃபஸல் தீன் போன்ற பெயர்களில் பலர் இருப்பர். 'கான்' என்பது பலருக்கும் பொதுவான ஒட்டு. குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முஹம்மது என்ற ஒரே பெயர் பலவிதமாகப் பதிவாகியுள்ளது. எனவே ஒருவரை உறுதிசெய்ய ஆறு செய்திகள் வேண்டும்: பெயர், தந்தை பெயர், கிராமம், மாவட்டம், படைப்பிரிவு, படை எண். இவற்றுள் படை எண் மிக இன்றியமையாதது. ஒரே பிரிவில் ஒரே பெயருடைய இருவரைப் பிரித்துக் காட்டுவது அதுவே.

வீட்டு நினைவிலிருந்து தொடங்குதல்

பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றில், தங்கள் பாட்டி வீட்டில் போர்க்காலத்தில் ஓர் இந்திய வீரர் தங்கியிருந்தார் என்ற நினைவும், மங்கிய நிழற்படம் ஒன்றும் உள்ளதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் தேடத் தொடங்கினால் சந்திக்கும் முதல் இடறலே சொல்லில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த வீரர் எல்லோரையும் அந்நாளைய பிரெஞ்சு மக்கள் 'ஹிந்துக்கள்' என்றே அழைத்தனர். அக்கால அஞ்சலட்டைகளிலும் அப்படியே அச்சிட்டனர். ஆகவே ஹிந்து வீரர் ஒருவர் தங்கினார் என்று குடும்பம் சொல்வதைக் கொண்டு அவருடைய மார்க்கத்தை முடிவுசெய்ய இயலாது. தொழுகை விரிப்பை மடித்து வைத்திருந்த முஸ்லிமும் அவர்கள் வாயில் ஹிந்துவே.

இரண்டாவது இடறல், தலைப்பாகை. தலைப்பாகை என்றவுடன் சீக்கியர் என்று எண்ணுவோர் பலர். பஞ்சாப் முஸ்லிம்களும் பட்டாணியரும் கூம்பு வடிவக் குல்லாவைச் சுற்றித் தலைப்பாகை கட்டினர். படத்தில் தலைப்பாகையின் நடுவே குல்லாவின் முனை தெரிந்தால் அது ஒரு முக்கியத் தடயம்.

மூன்றாவது இடறல், காதில் விழுந்த பெயர். பிரெஞ்சுப் பேச்சில் 'ஹ' ஒலி இல்லை. ஹஸன் என்பவர் அவர்களுக்கு அஸன் ஆவார். ஹுஸைன், உஸைன் ஆவார். மூன்று தலைமுறை கடந்து வரும்போது பெயர் மேலும் தேயும். இது அக்குடும்பத்தின் பொய் அன்று, நினைவின் இயல்பு. வீட்டு நினைவுகள் செயல்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் உறுதியாகவும், பெயரையும் ஆண்டையும் பற்றிப் பேசும்போது தளர்வாகவும் இருக்கும். நல்ல தேடுநர் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கமாட்டார்.

அடுத்து, படத்தில் தோள்பட்டை உலோகச் சின்னம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதில் படைப்பிரிவின் எண் இருக்கும். சின்னம் ஒருவரை எதுவரை காட்டும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. வடபிரான்சில் 2016இல் இரு வீரர்களின் எச்சங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. அவர்கள் 39ஆம் கர்வால் ரைஃபிள்ஸ் பிரிவினர் என்று சின்னங்களால் அறியப்பட்டது. 2017 நவம்பரில் லவந்தி ராணுவ அடக்கத்தலத்தில் உரிய மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டனர். படைப்பிரிவு தெரிந்தது, பெயர் தெரியவில்லை. தேடியவர்கள் தங்கள் விருப்பத்துக்கு ஒரு பெயரைச் சூட்டாமல் அவ்விடத்திலேயே நின்றுகொண்டார்கள்.

படைப்பிரிவின் பெயரும் சில வேளைகளில் ஏமாற்றும். குதாதாத் கான் என்ற வீரர் 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹொல்லபெக் என்ற இடத்தில், தம்முடன் இருந்த இயந்திரத் துப்பாக்கிக் குழுவினர் அனைவரும் கொல்லப்பட்ட பின்பும் காயத்துடன் நின்று போரிட்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெற்ற முதல் இந்திய வீரர் அவரே. அவர் இருந்தது 129ஆம் பலூச்சிப் பிரிவு. ஆனால் அவர் பலூச்சியர் அல்லர். இன்றைய பாகிஸ்தானின் சக்வால் பகுதியில் உள்ள டப் என்ற சிற்றூரைச் சேர்ந்த பஞ்சாபி. அப்பிரிவில் அக்காலத்தில் இருந்தோர் பட்டாணியரும் பஞ்சாப் முஸ்லிம்களுமே. பெயரை நம்பி பலூசிஸ்தானில் தேடியிருந்தால் ஆயுள் முழுவதும் தேடியும் கிடைத்திருக்கமாட்டார்.

ஏடுகள் பேசும் இடம்

படைப்பிரிவு தெரிந்தபின் தேடல் ஏடுகளுக்கு வருகிறது. ஒவ்வொரு பிரிவும் போர்க்காலத்தில் அன்றாடக் குறிப்பேடு ஒன்றை எழுதிவந்தது. எந்த நாளில் எந்தக் கிராமத்தில் தங்கினார்கள் என்பது அதில் இருக்கும். அவை லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. குடும்பத்தின் கிராமப் பெயரும் பிரிவின் குறிப்பேடும் ஒத்துப்போனால் தேடல் சரியான பாதையில் செல்கிறது என்று கொள்ளலாம்.

வீரர் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடு உதவும். பல பதிவுகளில் தந்தை பெயர், கிராமம், தாலுக்கா, மாவட்டம் ஆகியவை உள்ளன. கல்லறை அறியப்படாதோருக்காக நொவ் ஷாப்பெல் என்ற ஊரில் எழுப்பப்பட்ட நினைவகம் 1927 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்டது. அங்கே 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இறைவன் ஒருவனே, வெற்றி அவனுக்கே உரியது என்னும் கருத்துள்ள வாசகம் அங்கு ஆங்கிலத்துடன் அரபி, இந்தி, குர்முகி எழுத்துகளிலும் உள்ளது.

காயமுற்றோரில் பலர் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிரைட்டன் நகரின் அரச மாளிகை அவர்களுக்கு மருத்துவமனையாக்கப்பட்டது. உணவு முறைகளை மதித்து அங்கே ஒன்பது சமையற்கூடங்கள் இயங்கின. முஸ்லிம்களுக்கும் ஹிந்துக்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள் இருந்தன. இங்கிலாந்து மருத்துவமனைகளில் வஃபாத்தான முஸ்லிம் வீரர்கள் வோக்கிங் நகரில், 1889இல் கட்டப்பட்ட ஷாஜஹான் பள்ளிவாசலுக்கு அருகே அவர்களுக்கென அமைக்கப்பட்ட மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டனர். 1968இல் அந்தக் கப்ருகள் புரூக்வுட் ராணுவ அடக்கத்தலத்துக்கு மாற்றப்பட்டன. பழைய முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு செல்லும் பேரனுக்கு அங்கே சுவர்களும் ஒரு பூங்காவும் மட்டுமே கிடைக்கும்.

உயிருடன் ஊர் திரும்பியவரைத் தேடுவது இதைவிடக் கடினம். போரில் இறந்தவருக்குக் கல்லில் ஒரு வரியாவது கிடைத்தது. பிழைத்து ஏர் பிடிக்கச் சென்றவருக்கு அதுவும் இல்லை. பஞ்சாபின் பல கிராமங்களில் போருக்குப் பின் சலவைக்கல் பலகைகள் பதிக்கப்பட்டன. இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அவை சொல்லும். சக்வால் பகுதியின் துல்மியால் கிராமத்திலிருந்து மட்டும் 460 பேர் சென்றனர். பலகையில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை!

இக்குறையைப் போக்கும் புதையல் ஒன்று லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. போர் முடிந்ததும் பஞ்சாப் அரசு கிராமம் கிராமமாகத் தொகுத்த பதிவேடுகள் அவை. சுமார் 26,000 பக்கங்களில் ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரங்கள். பிரிட்டனில் உள்ள பஞ்சாப் மரபுரிமைச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் அவற்றைக் கணினியில் ஏற்றும் பணியை மேற்கொண்டு, 2021 நவம்பரில் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் ஆகிய மூன்று மாவட்டங்களின் சுமார் 45,000 பதிவுகளை முதலில் வெளியிட்டன. தந்தை பெயரும் ஊரும் அங்கே உள்ளன. திரும்பி வந்தவரும் அங்கே இருக்கிறார்.

மூன்று மாதம் சொல்லும் சாட்சி

இப்போது மூதாட்டி வீட்டில் தங்கிய வீரரிடம் திரும்புவோம். அவருடைய கடிதம் 1916இன் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்டது. காலாட்படை அதற்கு முன்பே மெசபொட்டேமியாவுக்குச் சென்றுவிட்டது. மேலும் காலாட்படையினர் ஒரே வீட்டில் மூன்று மாதம் தொடர்ந்து தங்குவது அரிது. சில நாள்கள் பதுங்குகுழி, சில நாள்கள் கிராமம் என மாறிக்கொண்டே இருப்பர். எனவே அவர் குதிரைப்படையைச் சேர்ந்தவராக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும் கோவேறு கழுதைப் போக்குவரத்துப் பிரிவினரும் அப்போது பிரான்சில் எஞ்சியிருந்தனர். ஆகவே இதை வலுவான ஊகம் என்று சொல்லலாம். முடிவு என்று சொல்லலாகாது. ஹதீஸ்கலையில் ஸஹீஹுக்கும் ழஈஃபுக்கும் இடையே படிகள் இருப்பதுபோல், வரலாற்றிலும் உறுதிக்குப் படிகள் உண்டு.

தவறான ஒருவருக்கு இந்த நினைவைச் சூட்டினால் என்ன கேடு என்று சிலர் கேட்கக்கூடும். கேடு இரு வீடுகளுக்கு. உரிய வீரரின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டனாரின் நற்குணத்துக்கான சாட்சியை இழப்பர். மற்றொரு வீட்டார் தங்களுக்கு உரியதல்லாத பெருமையையோ, தங்களுக்கு உரியதல்லாத மரணச் செய்தியையோ சுமப்பர். தம் பாட்டனார் எங்கு அடங்கியிருக்கிறார் என்று தெரியாமல் துஆ செய்துவந்த குடும்பத்திடம் ஒரு கப்ரைக் காட்டி இதுதான் என்று சொல்வது சிறிய சொல் அன்று. சாட்சியம் என்பது அமானிதம். ஆதாரம் நிற்கும் இடத்தில் நாமும் நிற்பதே அந்த அமானிதத்தைப் பேணுவதாகும்.

அந்தத் தாயைத் தேடுதல்

வீரருக்கேனும் தணிக்கை அறிக்கையில் ஒரு பெயர் உண்டு. அவரைப் பராமரித்த தாய்க்கு வெளியான கடிதப் பகுதியில் பெயர் இல்லை. ஹதீஸ்கலையின் சொல்லில் சொன்னால் அவர் முப்ஹம். இருப்பினும் அவரைப் பற்றிய அடையாளங்கள் பல அக்கடிதத்திலேயே உள்ளன.

வீரரின் பிரிவு உறுதியானால் குறிப்பேட்டிலிருந்து கிராமங்களின் பெயர்கள் கிடைக்கும். பிரான்சில் ஏறக்குறைய ஒவ்வொரு கிராமத்திலும் போரில் இறந்த அவ்வூர் மக்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுத்தூண் இருக்கிறது. பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம், முதல் உலகப் போரில் நாட்டுக்காக இறந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அட்டைகளை இணையத்தில் வைத்துள்ளது. பிறந்த ஊரும் இறந்த நாளும் அவற்றில் உண்டு. போருக்கு முன் 1911இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கேட்டில் ஒவ்வொரு வீட்டாரின் பெயரும் உள்ளது. மூன்று ஆண்மக்கள் உள்ள வீடு, அவர்களில் ஒருவர் 1916க்கு முன் கொல்லப்பட்டவர், வசதியான குடும்பம், முதிய தாய். இவ்வளவும் பொருந்தும் வீடு ஒரு கிராமத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆக, வீரரிலிருந்து தாயைத் தேடலாம். தாயிலிருந்து வீரரையும் தேடலாம். ஒரு வழி அடைபட்டால் மறுவழி திறக்கும்.

பெயரற்ற ஓர் எளியவரைத் தேடுவதற்கு இவ்வளவு உழைப்பு வேண்டுமா? புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெற்ற ஒரு நிகழ்வை நினைவுகூர்வோம். மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த கருநிறப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். அவருடைய மரணத்தைச் சிறிய செய்தியாகக் கருதி, நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணாமல் அண்ணலார் விசாரித்தார்கள். தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். எவருடைய கண்ணுக்கும் பெரிதாகத் தெரியாத ஒருவர் எங்கே என்று விசாரிப்பதும், அவர் அடங்கிய இடத்தைக் கேட்டறிவதும் நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கமே.

மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராகார் என்ற கருத்துள்ள நபிமொழியையும் நாம் அறிவோம். அம்மூதாட்டி முஸ்லிம் அல்லர். அவர் பராமரித்தவர் தம் மொழி அறியாதவர். அவ்வீரர் செய்ய முடிந்த ஒரே கைம்மாறு, அவர் செய்த நன்மையை ஒன்று விடாமல் எழுதி வைத்ததுதான். நன்றியறிதலின் தொடக்கமும் அதுவே.

போரைப் பற்றி ஒரு சொல்

அவர்கள் யாருக்காகப் போரிட்டனர் என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழும், எழுவது நியாயமே. 1914 நவம்பரில் உதுமானியப் பேரரசும் பிரிட்டனும் பகைவராயின. கலீஃபாவின் படைக்கு எதிராக நிற்க வேண்டுமா என்ற கலக்கம் முஸ்லிம் வீரர்களிடையே உண்டாயிற்று. பிரான்சிலிருந்து மாற்றப்பட்ட 15ஆம் லான்சர் குதிரைப்படையின் முஸ்லிம் வீரர்கள், புனிதத் தலங்கள் உள்ள நிலத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகப் போரிட 1916 பிப்ரவரியில் பஸராவில் மறுத்தனர், கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர். சம்பளத்துக்காகச் சென்றவர், குலவழக்கத்தால் சென்றவர், ஆளெடுப்போரின் நெருக்குதலால் சென்றவர் எனப் பலரும் அப்படையில் இருந்தனர். பேரரசின் அநீதியை மறைக்க இந்த வீட்டுக் கதைகளைப் பயன்படுத்தக் கூடாது. அதேபோல், பேரரசின் அநீதியைக் காரணம் காட்டி ஒரு தாயின் நன்மையை இல்லாததாக்கவும் கூடாது. நீதி என்பது இரண்டையும் உரிய இடத்தில் வைப்பதே.

நம் வீடுகளில்

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கடல் கடந்து சென்ற பாட்டனார் இல்லாத வீடு குறைவு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது நடந்தே திரும்பியவர்கள், திரும்பாமலே போனவர்கள் என எத்தனையோ பேர். அவர்களுக்கும் வழியில் எவரோ சோறிட்டனர். எவரோ ஒதுங்க இடம் கொடுத்தனர். அந்நினைவுகள் நம் உம்மாமார், வாப்பாமாரின் வாயில் இன்னும் இருக்கின்றன. அவர்களுடனே மறையும் நிலையிலும் இருக்கின்றன.

ஆகவே வீட்டில் உள்ள பெரியவரிடம் அமர்ந்து கேளுங்கள். பெயருடன் தந்தை பெயரையும், ஊருடன் மாவட்டத்தையும் எழுதுங்கள். நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். பழைய நிழற்படத்தின் பின்புறம், அதில் உள்ளவர் யார் என்று சொன்னவரின் பெயரையும் சேர்த்துக் குறியுங்கள். ஸனது இல்லாத செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அடுத்த தலைமுறைக்கு அது கதையாகிவிடும். உங்கள் குடும்பத்துக்கு உதவியவர் எந்தச் சமயத்தவராயினும் அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். மகன்களைப் போருக்குக் கொடுத்துவிட்டு அந்நியர் ஒருவரின் அறையை வெந்நீரால் கழுவிய தாயின் பெயர் ஒரு வரியில் விடுபட்டுப் போனதால், நூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் கல்தூண்களிலும் கணக்கேடுகளிலும் அதைத் தேட வேண்டியதாயிற்று.

பெயர் அறியப்பட்டோரையும் அறியப்படாதோரையும் முழுமையாக அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நமக்கு நன்மை செய்தோரை மறவாத உள்ளத்தையும், அவர்களைப் பற்றி உண்மையை மட்டுமே உரைக்கும் நாவையும் அவன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.